எந்தச் சண்டைக்கலை பெரிது? முதலில் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோவின் புடோகான் அரங்கம். ஒலிம்பிக் கராத்தேயில் ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப்போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹாமெதி 4-1 என்று முன்னணியில் இருக்கிறார். ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நெருங்கி வரும்போது ஹாமெதி காலைத் தூக்கி ஒரு வீசு வீசினார், அது தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் சரியாகப் போய் விழுந்தது, கஞ்ச்சாதே நின்ற இடத்திலேயே மல்லாந்தார். நினைவில்லை. ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டி ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். தங்கம் யாருக்கு என்றால், ஸ்ட்ரெச்சரில் போனவருக்கு. அளவுக்கு மீறி அடித்துவிட்டார் என்று ஹாமெதியைத் தகுதிநீக்கம் செய்து வெள்ளியைக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு உலகம் முழுக்க இதைக் கிண்டல் செய்தார்கள். எதிராளியை மயங்க வைத்தவன் தோற்றான், மயங்கியவன் ஜெயித்தான், இதெல்லாம் ஒரு சண்டையா என்று. ஆனால் கராத்தே விதிப்படி பார்த்தால் அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. அந்தப் போட்டியில் தலைக்கு வரும் உதை அடி அல்ல, அடித்திருக்க முடியும் என்பதற்கான நிரூபணம். வேகம் முழுதாக இருக்க வேண்டும், தோலைத் தொடும் இடத்தில் கால் நிற்க வேண்டும். நிறுத்தினால் 3 பாயிண்ட். நிறுத்தாவிட்டால் தப்பு.

குத்துச்சண்டை பெரிதா, கராத்தே பெரிதா, குங்ஃபூ பெரிதா என்று ஆரம்பிக்கும் விவாதம் ஏன் எப்போதும் வெறும் கத்தலில் முடிகிறது என்பதற்கு இந்த ஒரு இறுதிப்போட்டியே போதும். ஒரு கலையின் ஸ்டைல் என்று நாம் எதைப் பார்க்கிறோமோ, அதாவது கை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள், விழுந்தால் என்ன செய்கிறார்கள், அதெல்லாம் ஏதோ ஒரு ஞானி மலையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது என்றுதான் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. எதற்குப் பாயிண்ட், எது தப்பு, நடுவர் எப்போது பிரித்துவிடுவார், கையில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்ற நாலைந்து விஷயங்கள்தான் அதைச் செதுக்குகின்றன. விதியை மாற்றிப் பாருங்கள், இருபது வருடத்தில் அதே பெயரில் வேறொரு கலை நிற்கும்.

கராத்தேக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் பார்த்த பாயிண்ட் கராத்தேயில் முதல் தொடுகைக்குத்தான் மதிப்பு, தொட்டதும் நடுவர் நிறுத்திவிடுவார். அதனால் இருவரும் தூரத்தில் நின்று குதித்துக்கொண்டே இருப்பார்கள், ஒரே பாய்ச்சலில் உள்ளே போய் அடித்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே போன பிறகு அங்கேயே நின்று சண்டை போடத் தேவையே இல்லை. இப்போது மசுதாத்சு ஓயாமா உருவாக்கிய கியோகுஷின் கராத்தேயைப் பாருங்கள். இங்கே கிளவுஸ் கிடையாது, முழு பலத்தோடு அடிக்கலாம், ஆனால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. விளைவு என்ன? இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று ஒருவர் விலாவை ஒருவர் குத்திக்கொண்டே இருப்பார்கள், தொடையில் உதைப்பார்கள், திடீரென்று அந்த நெருக்கத்திலேயே கால் தலைக்கு வரும். முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்தால் நெருங்கி நிற்பதில் என்ன பயம்? பாயிண்ட் கராத்தேக்காரர் இப்படி நின்றால் தோற்றுப்போவார், கியோகுஷின்காரர் தூரத்தில் குதித்துக்கொண்டிருந்தால் அவருடைய போட்டியில் ஒன்றும் தேறாது. இருவரும் வெள்ளை உடை, கறுப்பு பெல்ட், இருவரும் கராத்தே.

டேக்வாண்டோ கதையும் இதுதான், இன்னும் வெளிப்படையாக. கையால் முகத்தில் குத்தக் கூடாது, உடம்பில் குத்தினால் 1 பாயிண்ட், உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. அப்புறம் யார் கையை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்? கைகள் கீழே தொங்கும், காலுக்குச் சமநிலை கொடுக்கத்தான் கை. இதில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக் கவசம் வந்தது. பாதத்தில் போடும் உறையில் சென்சார், கவசத்தில் சென்சார், போதுமான அழுத்தத்தோடு பட்டால் இயந்திரமே பாயிண்ட் கொடுக்கும். நடுவர் பாரபட்சம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் வீரர்களும் பயிற்சியாளர்களும் சும்மா இருப்பார்களா? முன்காலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு, அதை வாள் மாதிரி நீட்டி நீட்டி எதிராளியின் கவசத்தைத் தேடுவது லாபம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எண்பதுகளின் டேக்வாண்டோவையும் இன்றைய ஒலிம்பிக் டேக்வாண்டோவையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விளையாட்டா என்று சந்தேகம் வரும். பழைய ஆட்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இளம் வீரர்களைத் திட்டிப் பயனில்லை, எங்கே பாயிண்ட் கிடைக்கிறதோ அங்கேதான் கால் போகும்.

குத்துச்சண்டைக்கு வருவோம். இதில் கிளவுஸ் செய்த வேலையைச் சரியாகப் புரிந்துகொள்பவர்கள் குறைவு. கிளவுஸ் என்றதும் அடிபடுபவரின் முகத்தைக் காப்பதற்கு என்றுதான் தோன்றும். அது முதலில் காப்பது அடிப்பவரின் கையை. மண்டையோடு கெட்டி, கைவிரல் எலும்புகள் சின்னவை. வெறுங்கையால் நெற்றியில் முழு பலத்தோடு குத்தினால் உடைவது பெரும்பாலும் கைதான். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் வெறுங்கைச் சண்டைப் படங்களில் ஆட்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து, கைகளை முன்னால் தாழ்வாக நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இன்றைக்கு அது கேலிச்சித்திரம் போல் இருக்கிறது, அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. தலையைக் குறிவைப்பது ஆபத்து, ஆகவே நெஞ்சும் வயிறும் முக்கிய இலக்கு. இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கி எறியவும் அனுமதி உண்டு. ஒருவர் தரையில் விழுந்தால் சுற்று முடிந்தது, அரை நிமிடம் ஓய்வு. சுற்றுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கே இல்லை. 1889இல் மிசிசிப்பியில் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மோதிய ஆட்டம் 75 சுற்று போனது, வெறுங்கையோடு நடந்த கடைசி ஹெவிவெயிட் பட்டப் போட்டி அது.

அதற்கு முன்பே, 1867இல், குவீன்ஸ்பெரி விதிகள் வந்துவிட்டன. எழுதியது ஜான் கிரஹாம் சேம்பர்ஸ், பெயர் மட்டும் குவீன்ஸ்பெரி பிரபுவுடையது. கிளவுஸ் கட்டாயம், 3 நிமிடச் சுற்று, 1 நிமிட ஓய்வு, விழுந்தால் எழ 10 விநாடி, பிடித்து எறிவது கூடாது. இந்த நாலைந்து வரிகள்தான் நமக்குத் தெரிந்த குத்துச்சண்டையை உண்டாக்கின. கைக்கு உறை வந்ததும் தலையைத் தாராளமாகக் குத்தலாம், எறிதல் போனதும் நெருங்கி நிற்கலாம், தோளுக்குப் பின்னால் ஒளியலாம், தலையை இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தி நழுவலாம். முழங்கால் வந்து முகத்தில் இடிக்கும் என்ற பயம் இல்லாததால்தான் அவ்வளவு தாழ்வாகக் குனிய முடிகிறது. தலையை நகர்த்தும் வித்தையிலும், காலடியிலும், இரண்டு கையால் பொய்யும் மெய்யும் கலந்து குத்துவதிலும் உலகத்தில் வேறு எந்தக் கலையும் குத்துச்சண்டைக்குப் பக்கத்தில் வர முடியாது. வேறு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நூற்றைம்பது வருடம் அந்த ஒன்றையே தீட்டியதால் வந்த கூர்மை அது. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக வளர்ந்ததும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்தக் கிளவுஸ் சண்டைதான்.

ஆனால் அதே கிளவுஸுக்கு ஒரு விலையும் உண்டு. வெறுங்கையில் பத்து அடியில் முடிந்திருக்கக்கூடியது கிளவுஸோடு இருநூறு அடி வரைக்கும் நீளும், கீழே விழுந்தவருக்கு 10 விநாடி கொடுத்து மறுபடி அடிவாங்க அனுப்பிவிடுவார்கள். 1982இல் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரியாவின் டுக் கூ கிம் 14ஆவது சுற்றில் சாய்ந்து சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் 15 சுற்று பட்டப் போட்டிகள் 12 சுற்றாகக் குறைந்தன. பார்ப்பதற்கு ரத்தம் குறைவாக இருப்பதும் மூளைக்குப் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை மறந்த கலைக்கு என்ன ஆகும் என்று பார்க்க 1988க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் எழுபதுகளில் வளர்ந்த கிக்பாக்ஸிங்கில் உதை எல்லாம் இடுப்புக்கு மேலேதான். வீரர்கள் உதைக்காமல் வெறும் குத்துச்சண்டை போடுகிறார்கள் என்று சுற்றுக்குக் குறைந்தது 8 உதை உதைத்தே ஆக வேண்டும் என்றுகூட ஓர் அமைப்பு விதி வைத்திருந்தது. அந்த உலகத்தின் நட்சத்திரம் ரிக் ரூஃபஸ். எதிரே தாய்லாந்தின் சாங்புவெக் கியாட்சோங்ரிட். இடம் லாஸ் வேகஸ். முழங்கை, முழங்கால் இரண்டும் கூடாது என்று தாய்லாந்துக்காரரின் பாதி ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள், ஆனால் தொடையில் உதைக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் சுற்றில் ரூஃபஸ் அவரைக் குத்திக் கீழே தள்ளினார், கூட்டம் குதித்தது. சாங்புவெக் எழுந்தார், அதற்கப்புறம் ஒரே வேலைதான் செய்தார்: ரூஃபஸின் முன்தொடையில் கணைக்கால் எலும்பால் உதை, மறுபடி அதே இடத்தில் உதை. பக்கவாட்டில் திரும்பி நின்று முன்காலில் எடையைப் போடும் அந்த அமெரிக்க நிலையே உதைக்கு வசதியாக இருந்தது. தொடையில் வரும் உதையைக் கையைத் தூக்கித் தடுக்க முடியாது, காலைத் தூக்கித்தான் தடுக்க வேண்டும், அது ரூஃபஸுக்குப் பழக்கமே இல்லை. நாலாவது சுற்றில் அவரால் நிற்க முடியவில்லை. அமெரிக்க வர்ணனையாளர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தக் குடும்பம் பிறகு தாய்ச் சண்டையையே கற்றுக்கொண்டு பயிற்சியும் கொடுத்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்காகத் தாய்லாந்தின் முவாய் தாய் விதிக்கு அப்பாற்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பாங்காக்கின் ராஜதம்னர்ன், லும்பினி அரங்குகளின் பாரம்பரிய ஆட்டங்களில் 5 சுற்று, ஒவ்வொன்றும் 3 நிமிடம், நடுவில் 2 நிமிட ஓய்வு. பாயிண்ட் கொடுக்கும் முறை நம் கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும். உடம்பில் விழும் நடு உதைக்கும், கழுத்தைப் பிடித்துக்கொண்டு போடும் முழங்காலுக்கும் மதிப்பு அதிகம். குத்துக்கு, எதிராளி ஆடிப்போனால் ஒழிய, பெரிய மதிப்பு இல்லை. உதை வாங்கினாலும் அசையாமல் நிற்பதே ஒரு கணக்கு, சமநிலை குலைந்தால் போச்சு. முதல் இரண்டு சுற்று மெதுவாகத் தட்டிப் பார்ப்பார்கள், அரங்கில் பந்தயம் கட்டுபவர்கள் ஆளை எடைபோடும் நேரம் அது. மூன்றும் நாலும்தான் நிஜச் சண்டை. யார் ஜெயிக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டால் ஐந்தாவது சுற்றில் முன்னணியில் இருப்பவர் பின்வாங்கிச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே நேரத்தைக் கழிப்பார். முதல்முறை பார்ப்பவர்கள் இதென்ன சண்டைக்குப் பயப்படுகிறானா என்பார்கள்.

இதையே 3 சுற்றாகச் சுருக்கி, கழுத்துப்பிடியை உடனே பிரித்துவிட்டு, முழங்கையை எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும்? ஜப்பானில் 1993இல் தொடங்கிய கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டி கிடைக்கும். மெதுவாகத் தொடங்க நேரமில்லை, பிடித்து ஓய்வெடுக்க வழியில்லை, ஆகவே நெதர்லாந்துக்காரர்கள் நாலு குத்து அடித்து, முடிவில் ஒரு தொடை உதை என்று இடைவிடாமல் கோர்த்து அடிக்கும் தங்கள் பாணியோடு அங்கே ஆண்டார்கள். முவாய் தாய்க்காரருக்கு டச்சுக்காரர் அவசரக்காரராகத் தெரிவார், டச்சுக்காரருக்கு முவாய் தாய்க்காரர் தூங்குமூஞ்சியாகத் தெரிவார். இருவரும் அவரவர் கடிகாரத்துக்குச் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

நின்று அடிக்கும் கலைகளை விட, பிடித்து உருளும் கலைகளில்தான் இந்த விஷயம் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: முதுகு தரையில் படுவது நல்லதா கெட்டதா?

மல்யுத்தத்தில் இரண்டு தோள்பட்டையும் தரையில் பட்டுவிட்டால் ஆட்டமே முடிந்தது. அதனால் மல்யுத்த வீரருக்கு முதுகு என்றால் மரணம், விழும்போதே உடம்பை முறுக்கிக் குப்புறத்தான் விழுவார். இதன் உச்சகட்டத்தை 1910இல் லண்டன் பார்த்தது. நம் பக்கத்து மாபெரும் மல்லர் காமா, போலந்தின் ஸ்பிஸ்கோவோடு மோதினார். காமாவின் வேகத்தைப் பார்த்த ஸ்பிஸ்கோ சீக்கிரமே தரையோடு குப்புறப் படுத்துவிட்டார், அப்படியே கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். அவ்வளவு கனமான ஆளைப் புரட்ட காமாவால் முடியவில்லை, ஆட்டம் டிரா. பார்க்க வந்த கூட்டம் சலித்துப்போனது. ஆனால் படுத்தே கிடந்தால் அபராதம் என்று ஒரு விதி இல்லாதவரை ஸ்பிஸ்கோ செய்தது புத்திசாலித்தனம்தான். அடுத்த வாரம் வைத்த மறு ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் கதையை முடித்துவிட்டார்.

ஜூடோவில் முதுகு படுவது மட்டும் போதாது, வேகத்தோடும் பலத்தோடும் கட்டுப்பாட்டோடும் எறியப்பட்டு முதுகில் விழ வேண்டும், அதுதான் இப்போன், ஆட்டம் முடிவு. தரைக்கு வந்த பிறகு 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலும் இப்போன். ஆனால் தரையில் ஒன்றும் நகரவில்லை என்றால் நடுவர் சில விநாடிகளில் எழுப்பிவிடுவார். ஆகவே ஜூடோ வீரர் தரைக்கு வந்ததும் ஆமை மாதிரி கைகாலை உள்ளே இழுத்துக் கவிழ்ந்துகொள்வார், சில விநாடி தாக்குப்பிடித்தால் போதும், நடுவர் வந்து காப்பாற்றுவார். இதே ஆமையை பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் செய்து பாருங்கள். நடுவர் வரமாட்டார். எதிராளி பொறுமையாக முதுகில் ஏறி, காலை இடுப்பில் மாட்டி 4 பாயிண்ட் எடுத்துக்கொண்டு, கையைக் கழுத்துக்குள் நுழைப்பார். ஜியு-ஜிட்சுவில் பாதுகாப்பான இடம் எது என்றால், மல்லருக்கு மரணமான அதே இடம்: மல்லாந்து படுத்து, எதிராளியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வது. அதற்குக் கார்டு என்று பெயர். அங்கிருந்து கழுத்தை நெரிக்கலாம், கையை முறிக்கலாம், ஆளைக் கவிழ்க்கலாம். எறிந்தால் 2 பாயிண்ட்தான், கார்டைத் தாண்டினால் 3. எதிராளியைப் பிடித்துக்கொண்டு நாமே உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதனால் இன்றைய போட்டிகளில் மணி அடித்ததும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு உட்காரும் காட்சிகூட உண்டு, பார்க்கும் ஜூடோ ரசிகர் தலையில் அடித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1914இல் பிரேசிலுக்குப் போன ஜூடோ வீரர் மித்சுயோ மாயேதாவிடமிருந்துதான், பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை உருவாக்கிய கிரேசி குடும்பத்துக்கு இந்த வித்தை போனது. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கத்தில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா, ஹீலியோ கிரேசியின் கையைப் பின்னால் முறுக்கி ஜெயித்தார். கிரேசிகள் தோற்ற அந்தப் பிடிக்கே கிமுரா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். சோவியத் நாட்டின் சாம்போவும் ஜூடோவின் உறவுதான்; ஆனால் விளையாட்டு சாம்போவில் காலை முறுக்கலாம், கழுத்தை நெரிக்கக் கூடாது; ஜூடோவில் நெரிக்கலாம், காலை முறுக்கக் கூடாது. மூன்று இடத்திலும் மூன்று விதமான ஆட்கள் உருவானார்கள்.

ஜூடோ தன் விதியைத் தானே மாற்றிக்கொண்டதையும் பார்த்துவிடுவோம். 2010இல் எதிராளியின் காலை நேராகக் கையால் பிடித்துத் தூக்குவதைத் தடை செய்தார்கள், 2013இல் இடுப்புக்குக் கீழே கையே போகக் கூடாது என்று முழுதாக மூடினார்கள். ஜூடோ மல்யுத்தம் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது, இருவரும் குனிந்து ஒருவர் காலை ஒருவர் தேடுகிறார்கள், அழகான எறிதல்கள் குறைகின்றன என்பதுதான் காரணம். நோக்கம் நிறைவேறியது, இன்றைய ஜூடோ நிமிர்ந்து நிற்கிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் காலுக்குப் பாயும் மல்லரைச் சமாளிக்கும் பழக்கம் புதிய தலைமுறை ஜூடோக்காரர்களிடம் குறைந்துவிட்டது.

சரி, இவர்களை எல்லாம் ஒரே இடத்தில் மோதவிட்டால்? 1976 ஜூன் 26, மறுபடி அதே புடோகான் அரங்கம். முகமது அலி ஒரு பக்கம், ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோகி இன்னொரு பக்கம். ஒரு முழங்கால் தரையில் இருந்தால்தான் இனோகி உதைக்கலாம் என்பது போன்ற விதிகளை ஆட்டத்துக்கு முன்னால் சேர்த்தார்கள். இனோகி என்ன செய்தார்? மணி அடித்ததும் மல்லாந்து படுத்தார், 15 சுற்றும் அநேகமாகப் படுத்தபடியே அலியின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். படுத்திருப்பவரைக் குத்த அலிக்கு வழியில்லை, மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய குத்துகள்தான் விட்டார். டிரா. கூட்டம் கூச்சல் போட்டது, அலிக்குக் காலில் ரத்தக்கட்டு ஏற்பட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாரும் கேவலமான ஆட்டம் என்று எழுதினார்கள். எனக்கென்னவோ இனோகி, கொடுத்த விதிக்குள் இருந்த ஒரே சரியான விடையைக் கண்டுபிடித்தார் என்றுதான் தோன்றுகிறது.

பதினேழு வருடம் கழித்து, 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்களை ஒரே கூண்டில் மோதவிடும் யுஎஃப்சி என்ற போட்டியின் முதல் பதிப்பு. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது, எடைப்பிரிவு இல்லை. முதல் ஆட்டத்திலேயே டச்சு வீரர் ஜெரார்ட் கோர்டோ, சுமோவிலிருந்து வந்த டெய்லா டூலியின் முகத்தில் உதைக்க, பல் பறந்தது, 26 விநாடியில் முடிந்தது. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் எல்லாரையும் ஜெயித்தது வெள்ளை உடையில் ஒல்லியாக, 80 கிலோ போல இருந்த ராய்ஸ் கிரேசி. ஜிம்மர்சன், கென் ஷாம்ராக், கோர்டோ என்று மூவரையும் தரைக்குக் கொண்டுபோய் அடங்க வைத்தார்.

அன்றிலிருந்து பிரேசிலிய ஜியு-ஜிட்சுதான் சண்டைகளின் ராஜா என்று ஒரு பேச்சு. அது எவ்வளவு காலம் நின்றது? நேர வரம்பு இல்லாதவரை, எதிராளிக்கு அந்த வித்தை தெரியாதவரை. நடத்தியவர்களில் ஒருவர் ராய்ஸின் அண்ணன் ரோரியன் கிரேசி என்பதையும் நினைவில் வையுங்கள். சில வருடத்தில் மார்க் கோல்மன் போன்ற பெரிய மல்லர்கள் வந்தார்கள், மேலே படுத்துக்கொண்டு தலையால் இடித்தும் குத்தியும் முடித்தார்கள். 1997இல் கிக்பாக்ஸர் மாரிஸ் ஸ்மித் அந்தக் கோல்மனையே தோற்கடித்தார். கீழே கிடந்து தாக்குப்பிடித்தார், கோல்மனுக்கு மூச்சு வாங்கியதும் எழுந்து நின்று தொடையில் உதைத்தார். அதற்கப்புறம் தனிக்கலை என்ற பேச்சே மெல்லப் போய், எல்லாரும் எல்லாவற்றையும் கற்க வேண்டியதாயிற்று. கராத்தே செத்தது என்று எழுதியவர்கள் 2009இல் ஷோடோகான் கராத்தேயில் வளர்ந்த லியோடோ மச்சீடா பட்டம் வென்றபோது எழுதியதை அழிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாயிண்ட் கராத்தேயின் தூரக்கணக்கு அவருக்கு அப்படியே உதவியது, கூடவே தரைக்குப் போகாமல் தப்பிக்கும் பயிற்சியும் இருந்ததால்.

விதி ஒரு பாதி என்றால், பயிற்சியில் எதிராளி எதிர்க்கிறானா என்பது மறுபாதி. 1882இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ செய்தது இதுதான். பழைய ஜுஜுத்சுவில் இருந்த, முழு பலத்தோடு செய்தால் ஆளை முடமாக்கும் உத்திகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு பேரும் முழு பலத்தோடு, விட்டுக்கொடுக்காமல் தினமும் பழகும்படி செய்தார். கொல்லும் உத்தியைக் காற்றில் ஆயிரம் தடவை செய்து பார்ப்பவரைவிட, சாதாரண எறிதலை மல்லுக்கட்டும் ஆளின் மேல் ஆயிரம் தடவை செய்தவர்தான் உருப்படியாகத் தேறுவார். எங்கள் வித்தை ரொம்ப ஆபத்தானது, அதனால் போட்டியில் காட்ட முடியாது என்று சொல்லும் ஆசான்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 2017இல் சீனாவின் செங்டுவில் எம்எம்ஏ, அதாவது எல்லாக் கலைகளையும் கலந்து மோதும் போட்டியின் வீரர் சூ சியாவ்டாங், தாய்ச்சி என்ற சீனக் கலையின் ஆசான் வெய் லெய்யோடு மோதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆசான் தரையில். சூ ஒன்றும் உலகச் சாம்பியன் அல்ல, அதுதான் வலிக்கும் இடம். தாய்ச்சி உடம்புக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, அதை யாரும் மறுக்கவில்லை.

நம் சிலம்பத்திலும் இந்தக் கோடு ஓடுகிறது. அலங்கார வீச்சு வேறு, கம்பால் எதிராளியைத் தொட்டுப் பாயிண்ட் எடுக்கும் தொடுமுறை வேறு. மேடையில் இரண்டு கம்பைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும் பிள்ளை தொடுமுறையில் முதல் சுற்றிலேயே அடிவாங்கி வரலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை, இரண்டுக்கும் கேட்கும் திறமையே வேறு. அலங்காரத்தைக் காட்டிவிட்டு இதுதான் போர்க்கலை என்று சொல்லும்போதுதான் சிக்கல்.

பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று கேட்பவர்களுக்கும் கலையின் பெயரைச் சொல்லி எந்தப் பயனும் இல்லை. வகுப்பில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது எதிர்க்கும் ஆளோடு பழகுகிறார்களா, அப்படிப் பழகும்போது தலையைக் காப்பாற்றுகிறார்களா, இரண்டையும் பார்க்க வேண்டும். ஜூடோவில் குத்தே இல்லை, பயமில்லை என்று நினைப்பார்கள். ஜப்பானில் 1983 முதல் முப்பது வருடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் ஜூடோ பயிற்சியில் இறந்திருக்கிறார்கள், பலர் தலையில் அடிபட்டு. விழப் பழகாத பிள்ளையை எறிந்தால் தரை கிளவுஸ் போட்டுக்கொண்டு வராது. தெருச்சண்டைக்கு எது உதவும் என்றால், ஓடத் தெரிவது. அங்கே எதிராளிக்கு நண்பர்கள் இருப்பார்கள், கையில் பாட்டில் இருக்கும். கார்டில் மல்லாந்து படுக்க அது இடமில்லை.

எம்எம்ஏதான் விதியே இல்லாத நிஜச் சண்டை என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அதற்கும் தடித்த விதிப்புத்தகம் உண்டு. 2000ஐ ஒட்டி நியூஜெர்சியில் உருவான பொது விதிகளின்படி 5 நிமிடச் சுற்று, சாதாரண ஆட்டத்துக்கு 3, பட்டத்துக்கு 5. கூண்டுக் கம்பிவலை இருப்பதால் அதில் முதுகைச் சாய்த்து எழுந்துகொள்வதே தனி வித்தையாகிவிட்டது. கயிறு கட்டிய மேடையில் ஆடினால் அந்த வித்தை செல்லாது. தரையில் இருப்பவர் தலையில் முழங்காலால் இடிக்கக் கூடாது என்றார்கள், உடனே வீரர்கள் நின்றபடியே குனிந்து கையைத் தரையில் வைத்து, நானும் தரையில்தான் இருக்கிறேன் என்று தப்பிக்க ஆரம்பித்தார்கள். 2024 கடைசியில் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு பழைய தடையையும் நீக்கினார்கள்: முழங்கையை மேலிருந்து நேர் செங்குத்தாகக் கீழே இறக்கி அடிப்பது. பக்கவாட்டில் வீசலாம், சாய்வாக இறக்கலாம், நேராக மட்டும் கூடாது என்று இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. கராத்தேக்காரர்கள் முழங்கையால் பனிக்கட்டிப் பாளங்களை உடைப்பதை டிவியில் பார்த்து அதிகாரிகள் மிரண்டுபோனதுதான் காரணம் என்று அந்த விதிக்கூட்டத்தில் இருந்த நடுவர் ஜான் மெக்கார்த்தி சொல்லியிருக்கிறார். ஜான் ஜோன்ஸ் என்ற, இந்த விளையாட்டின் ஆகப்பெரிய வீரர் என்று பலர் சொல்லும் மனிதர், 2009 டிசம்பரில் மாட் ஹாமிலை மேலே உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தபோது அப்படி நேராக இறக்கித்தான் தகுதிநீக்கம் ஆனார். அவருடைய கணக்கில் இருக்கும் ஒரே தோல்வி அதுதான், தடை போன பிறகும் அழியவில்லை.